முதல் மூணு வருஷத்துக்கு ஒரு டைரி

சேலம் அஸ்தம்பட்டி கோர்ட்டுக்குப் புதிதாக வரும் ஜூனியர் வக்கீல்கள் 'பெரிய வக்கீல் ஆகணும்' என்று இலக்கு வைக்கிறார்கள். அதை வைத்து நாளைக்குக் காலையில் என்ன செய்வது? ஒரே ஒரு வழக்கு வகையை அடிமுதல் நுனிவரை கற்பதுதான் உருப்படியான இலக்கு.

வெள்ளிக் கொலுசும் ஜவுளியும் புரளும் சேலத்தில் அதற்குச் செக் மோசடி வழக்கே, அதாவது பணமில்லாமல் திரும்பிய செக்குக்கான வழக்கே தோது. செக் திரும்பியதைச் சொல்லும் பேங்க் மெமோ கையில் வந்த 30 நாளுக்குள், செக் கொடுத்தவருக்குப் பணம் கேட்டு நோட்டீஸ் போகணும். அது எதிராளிக்குக் கிடைத்ததிலிருந்து 15 நாள் அவகாசம். அதற்குள் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் பிராது (புகார் மனு). டைரியில் வாய்தா தேதியை மட்டும் குறிப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். கெடு முடியும் தேதியைச் சிவப்பு மையில் எழுதி, ஒரு வாரம் முன்னால் இன்னொரு குறிப்பும் போடுங்கள். தபால் ரசீது, ஒப்புகை அட்டை இரண்டும் வழக்குக் கட்டிலேயே இருக்கட்டும். நோட்டீஸில் செக் தொகை ஒரு ரூபாய்கூட மாறக் கூடாது. தட்டச்சுப் பிழை என்ற சமாதானம் எடுபடாது என 2025-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

வக்கீலாகப் பதிவு செய்த 2 வருடத்துக்குள் பார் கவுன்சில் தேர்வை முடியுங்கள்.

சிவில் நீதிபதி ஆசை இருந்தால், உச்ச நீதிமன்றத்தின் 2025 மே தீர்ப்புப்படி 3 வருடப் பிராக்டிஸ் கட்டாயம். அதற்கு அந்தக் கோர்ட்டின் முதன்மை நீதித்துறை அதிகாரி சான்று தரணும்; அல்லது குறைந்தது 10 வருட அனுபவமுள்ள வக்கீல் தரும் சான்றில் முதன்மை நீதித்துறை அதிகாரி மேலொப்பம் இடணும். ஆகவே ஆஜரான வழக்கு எண்களை இன்றிலிருந்தே எழுதி வையுங்கள்.