750 டாலருக்குக் கைமாறிய பாட்டு

3 மார்ச் 2025, திங்கள்

இந்த வாரம் முழுக்க ‘லூயி லூயி’ என்ற அமெரிக்க ராக் பாட்டுதான். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு சேர்ந்து அதை வாசிக்கப் போகிறோம். அதற்குள் கையில் கிடைக்கிற வெர்ஷன்களை எல்லாம் வருஷ வரிசையில் கேட்டுவிட வேண்டும். மூணே மூணு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு), இதில் என்ன பெரிசாக இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். இது பலர் கை பட்டு வளர்ந்த பாட்டு. ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போனார்கள். எழுதியவருக்கு மட்டும் ஏறக்குறைய முப்பது வருஷம் பெரிதாக ஒன்றும் வந்து சேரவில்லை.

அவர் பெயர் ரிச்சர்ட் பெர்ரி. லாஸ் ஏஞ்சல்ஸில் வளர்ந்த கறுப்பினப் பாடகர். 1950களின் நடுவில் அனஹைமில் ஹார்மனி பார்க் என்ற நடன அரங்கில், ரிலெரா சகோதரர்களின் ‘ரிதம் ராக்கர்ஸ்’ குழுவோடு பாடிக்கொண்டிருந்தார். மேடையேறக் காத்திருந்தபோது குழு ஒரு கியூபா மெட்டை வாசித்தது. ரெனே டூசேயின் ‘எல் லோகோ சா சா’. அதன் தொடக்கத்தில் வரும் தாளம் அவரைப் பிடித்துக்கொண்டது. எழுதக் கைக்கு அகப்பட்டது டாய்லெட் பேப்பர்தான். வரிகளை அதிலேயே குறித்துக்கொண்டார்.

கதை எளிமையானது. ஒரு மாலுமி, லூயி என்ற மதுக்கடைக்காரரிடம் புலம்புகிறான். ஜமைக்காவில் காதலி காத்திருக்கிறாள், கடல் தாண்டிப் போக வேண்டும். அவ்வளவுதான். 1957ல் ஃப்ளிப் நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டில் இது பி சைடு, அதாவது பின்பக்கப் பாட்டு. ஏ சைடு ‘யூ ஆர் மை சன்ஷைன்’.

இன்று காலை அதை ஹெட்போனில் கேட்டேன். கத்தல் கிடையாது, அவசரம் கிடையாது. பின்னணிக் குரல்கள் ஒரு ஓரத்தில் தாளம் போட, பெர்ரி ஆற அமரப் பாடுகிறார். வீட்டுக்குப் போக வேண்டும் என்ற ஏக்கம் அந்தக் குரலில் நிஜமாகவே இருக்கிறது. பின்னால் வந்த சத்தத்தில் அதிகம் தொலைந்துபோனது இந்த ஏக்கம்தான்.

4 மார்ச், செவ்வாய்

சிறிய பதிவுதான். பெர்ரியின் தட்டு மேற்குக் கரையில் ஓரளவு ஓடிவிட்டு அடங்கிவிட்டது. அது வாஷிங்டன் மாநிலத்து டகோமா நகரில் ராக்கின் ராபின் ராபர்ட்ஸ் என்ற இளம் பாடகரின் காதில் விழுந்தது. ‘வெய்லர்ஸ்’ குழுவோடு சேர்ந்து 1961ல் அவர் பதிவு செய்தார். (ஜமைக்கா பாடகர் பாப் மார்லியின் வெய்லர்ஸ் இல்லை, இவர்கள் வேறு.) சா சா என்ற கியூபா நடனத் தாளம் போய் ராக் வந்தது இங்கேதான். கிட்டார் சோலோவுக்கு, அதாவது தனி வாசிப்புக்கு, சற்று முன்னால், விடாதே, இப்பவே கொடுத்துவிடலாம் என்கிற மாதிரி ஒரு கூச்சல் போடுகிறார். பெர்ரியின் பாட்டில் அது இல்லை. பசிபிக் வடமேற்குப் பகுதியில் பையன்கள் குழு ஆரம்பித்தால் முதலில் இந்தப் பாட்டைக் கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொண்டது பெர்ரியிடம் இல்லை, ராபர்ட்ஸிடம்.

5 மார்ச், புதன்

இன்றைக்குக் கிங்ஸ்மென். உலகத்துக்குத் தெரிந்த ‘லூயி லூயி’ இவர்களுடையதுதான்.

போர்ட்லண்டைச் சேர்ந்த பையன்கள். ஒரு கடற்கரை ஊரின் கிளப்பில் ஜூக்பாக்ஸில் (காசு போட்டால் பாடும் பெட்டி) ராபர்ட்ஸ் தட்டு ஓட ஓட, கூட்டம் ஆடிக்கொண்டே இருந்ததைப் பார்த்தார்கள். நாமும் இதை வாசிக்கணும் என்று பாடகர் ஜாக் ஈலி முடிவு செய்தார். காதில் கேட்டதை வைத்து அவர் குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தபோது தாளத்தில் ஓர் எண்ணிக்கை குறைந்துவிட்டது. ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு. கேட்டதுமே அடையாளம் தெரிகிற அந்த அடி இப்படித்தான் பிறந்தது.

1963 ஏப்ரலில் போர்ட்லண்டில் ஒரு சின்ன ஸ்டுடியோ. செலவு சுமார் 50 டாலர். மைக்கை உயரே தொங்கவிட்டிருந்தார்கள். ஈலி தலையை அண்ணாந்துகொண்டு, சுற்றி வாசிக்கும் கருவிகளை மீறிக் கத்த வேண்டியிருந்தது. பல்லில் கம்பி வேறு. ஒரே தடவை வாசித்துப் பதிவு, முடிந்தது.

இன்று கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு சோலோ முடிகிற இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். ஈலி அடுத்த சரணத்தை சீக்கிரமே எடுத்துவிடுகிறார். ஒரு சொல் வெளியே வந்ததும் தவறு புரிந்து நிறுத்துகிறார். அந்த இடைவெளியை டிரம்ஸில் லின் ஈஸ்டன் ஓர் உருட்டு உருட்டி நிரப்புகிறார், ஈலி சரியான இடத்தில் மறுபடி சேர்ந்துகொள்கிறார். எல்லாம் சேர்த்துச் சில வினாடிதான். யாரும் நிறுத்தவில்லை, வெட்டி ஒட்டவும் இல்லை. பிற்பாடு இந்தப் பாட்டை எடுத்தவர்களில் பலர் அந்தப் பிசகையும் சேர்த்தே வாசித்தார்கள்.

இன்னொன்று. கார்டுகள் ஏ மேஜர், டி மேஜர், மூன்றாவது ஈ மைனர். பலரும் அங்கே ஈ மேஜர் பிடிக்கிறார்கள். பிடித்துப் பாருங்கள், பாட்டு உடனே வெளுத்துப் போகும். முரட்டுத்தனத்துக்கு அடியில் ஒரு சோகம் ஓடுகிறதே, அதைத் தருவது அந்த ஒரு மைனர்தான். 

அதே ஸ்டுடியோவில் ஏறக்குறைய அதே நாட்களில் பால் ரெவியர் அண்ட் தி ரெய்டர்ஸ் குழுவும் இதே பாட்டைப் பதிவு செய்தது. சுத்தமான வாசிப்பு, தேர்ந்த கைகள். உள்ளூரில் அதுதான் முதலில் முந்தியது. ஆனால் பாஸ்டனில் ஒரு வானொலி அறிவிப்பாளர் கிங்ஸ்மென் தட்டை வாரத்தின் மிக மோசமான பாட்டு என்று போட, கேட்டவர்கள் கடைக்கு ஓடினார்கள். பில்போர்ட் பத்திரிகையின் பாட்டுத் தரவரிசையில் இரண்டாம் இடம் வரை ஏறியது.

அதற்குள் ஈலி குழுவில் இல்லை. இனி நான்தான் பாடுவேன் என்று ஈஸ்டன் சொன்னதில் பிரிந்துவிட்டார்கள். தொலைக்காட்சியில் ஈஸ்டன் வாயசைத்தார், ஒலித்தது ஈலியின் குரல். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

6 மார்ச், வியாழன்

வார்த்தை புரியாததால் வந்த வினை இது. வரிகள் ஆபாசமானவை என்று மாணவர்கள் மத்தியில் வதந்தி பரவியது. ஆளுக்கொரு வரியைக் கற்பனை செய்து தாளில் எழுதிக் கைக்குக் கை கொடுத்தார்கள். 1964 தொடக்கத்தில் இந்தியானா ஆளுநர் மேத்யூ வெல்ஷ், மாநில வானொலி நிலையங்கள் இதைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஃபுளோரிடாவிலிருந்து ஒரு பெற்றோர் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடிக்கே கடிதம் எழுதினார். மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. இறங்கியது.

இரண்டரை வருஷத்துக்கு மேல் விசாரணை. ஆய்வகத்தில் தட்டை வெவ்வேறு வேகத்தில் ஓட்டிக் கேட்டார்கள். நூறு பக்கத்துக்கு மேல் கோப்பு சேர்ந்தது. முடிவில், எந்த வேகத்திலும் புரியவில்லை என்று மூடிவிட்டார்கள். உள்ளபடியே பாடிய ஈலியை அவர்கள் விசாரிக்கவே இல்லை. பெர்ரி எழுதிய வரிகளில் ஒரு குறையும் கிடையாது, ஊருக்குத் திரும்ப ஏங்கும் ஒருவனின் புலம்பல் அது. தட்டில் உண்மையிலேயே ஒரு கெட்ட வார்த்தை இருக்கிறதென்றால் அது 54வது வினாடி வாக்கில், பின்னால் மங்கலாகக் கேட்பது. டிரம்ஸ் குச்சி பிசகியபோது ஈஸ்டன் வாயிலிருந்து வந்தது. அதை அவர்கள் கவனித்ததாகவே தெரியவில்லை.

8 மார்ச், சனி

கவர் வெர்ஷன்கள், அதாவது மற்றவர்கள் மறுபடி பாடியவை, மட்டும் இன்று. கிங்க்ஸ், பீச் பாய்ஸ், ஓடிஸ் ரெடிங் மூன்றும் 1964. ரெடிங் பாடும்போது வரிகள் அவர் இஷ்டத்துக்கு வளைகின்றன, ஆனாலும் மனசைத் தொடுகிறது. 1966ல் சோனிக்ஸ், டகோமாக்காரர்கள். கார்டுகளையே மாற்றி இருட்டாக்கிவிட்டார்கள். 1978ல் மோட்டர்ஹெட், 1981ல் பிளாக் ஃபிளாக். இந்தக் கடைசி வெர்ஷனில் பாடகர் வரிகளைத் தூக்கி எறிந்துவிட்டுச் சொந்தமாகக் கத்துகிறார். எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. ஆனால் பெர்ரியின் தாளம் அதையும் தாங்குகிறது என்பது ஆச்சரியம்தான்.

என் விருப்பம் டூட்ஸ் அண்ட் தி மேட்டல்ஸ். 1970களின் தொடக்கத்தில் ஜமைக்காவிலிருந்தே வந்த வெர்ஷன். மாலுமி போய்ச்சேரத் துடித்த ஊர்க்காரர்களே பாடுகிறார்கள். வேகம் தணிந்து, பெர்ரியின் நிதானம் ஜமைக்காவின் ரெகே இசையில் திரும்ப வந்துவிட்டது. இதுவரை கேட்காதவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

9 மார்ச், ஞாயிறு

வாசித்தோம். டிரம்ஸ் வாசிக்கிற தம்பிக்கு முதல் தடவையே அந்த அடி பிடிபட்டது. நாலாவது சுற்றில் எல்லோரும் ஈ மைனருக்கு வந்தோம், அப்புறம் நிறுத்த மனசே வரவில்லை.

11 மார்ச், செவ்வாய்

பணக் கதையைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1950களின் கடைசியில் பெர்ரிக்குக் கல்யாணச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டது. இந்தப் பாட்டோடு வேறு சில பாட்டுகளையும் சேர்த்து, உரிமையை 750 டாலருக்கு ஃப்ளிப் நிறுவனத்துக்கே விற்றார். பாட்டின் ஆயுள் முடிந்துவிட்டது என்றுதான் அன்றைக்கு யாருக்கும் தோன்றியிருக்கும். சில வருஷத்தில் அது லட்சக்கணக்கில் விற்றது. பெர்ரி கிளப்களில் பாடிப் பிழைத்தார், 1980களில் அரசு உதவித்தொகையில் தன் அம்மா வீட்டில் இருந்தார்.

1983 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் ஃபுட்ஹில் கல்லூரி வானொலி கே.எஃப்.ஜே.சி. இந்த ஒரே பாட்டை 63 மணி நேரம் ஒலிபரப்பியது, 800க்கும் மேற்பட்ட வெர்ஷன்களில். பெர்ரியும் ஈலியும் நேரில் வந்தார்கள். பிறகு ஒரு மதுபான விளம்பரத்துக்குப் பாட்டு வேண்டியிருந்தது, அதற்கு பெர்ரியின் கையெழுத்து தேவைப்பட்டது. கலைஞர்களின் உரிமைக்காக வேலை செய்த ஒருவர் அவரைத் தேடிப்பிடித்தார், வழக்கறிஞர்கள் பேசினார்கள். நீதிமன்றம் போகாமலே பெர்ரிக்கு உரிமையில் பங்கு திரும்பக் கிடைத்தது. 1997 ஜனவரியில் இறக்கும்வரை வசதியாக வாழ்ந்தார்.

கிங்ஸ்மெனுக்கும் இதே கதைதான். 1968 ஒப்பந்தப்படி 9 சதவீதம் வர வேண்டும், வரவில்லை. வழக்குப் போட்டு, தங்கள் பதிவுகளின் உரிமையையே மீட்டார்கள். மேல்முறையீட்டிலும் 1998ல் வென்றார்கள்.

ராபின் ராபர்ட்ஸுக்கு அந்த வாய்ப்பே இல்லை. 1967ல் கார் விபத்தில் இறந்தார், வயது 27. சோலோவுக்கு முன்னால் வரும் அந்தக் கூச்சலை ஈலி அப்படியே எடுத்துக்கொண்டார், ஈலியிடமிருந்து எத்தனையோ பேர். பாட்டை எழுதியவர் இடத்தில் பெர்ரி பெயர் மட்டும் இருப்பது நியாயம்தான். ஆனால் அடுத்த தடவை மேடையில் இதை வாசித்தால், ஆரம்பிக்கும் முன் ராபர்ட்ஸ் பெயரையும் சேர்த்துச் சொல்லப் போகிறோம். நண்பர்களிடம் பேசிவிட்டேன், எல்லோருக்கும் சம்மதம்.