கதவில்லாத வீட்டில் மூன்று இரவு

ஆறு வருஷத்துக்கு முன்னால் மெக்சிகோவில் யெலாபா கடற்கரையில் மூன்று கோவேறு கழுதைகளைப் பார்த்தேன். முதல் கழுதையின் இரண்டு விலாவிலும் சூட்கேஸைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள், இரண்டாவதன் மேல் காய்கறி மூட்டை, மூன்றாவதன் மேல் ஒரு கேஸ் சிலிண்டர். ஒரு பையன் அவற்றை ஓட்டிக்கொண்டு மலைப்பாதையில் ஏறி மரங்களுக்குள் மறைந்துவிட்டான். நான் உட்கார்ந்திருந்த சாப்பாட்டுக் கடையம்மாவிடம் இதெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டேன். அவர் மேலே கையைக் காட்டினார். உச்சியில் ஓலைக் கூரை ஒன்றின் முனை மட்டும் தெரிந்தது. பத்துப் பன்னிரண்டு வீடுகள் உள்ள ஒரு விடுதியாம். அன்று மாலைப் படகில் நான் ஊர் திரும்பிவிட்டேன். அந்தக் கூரை மனதை விட்டுப் போகவே இல்லை.

வருகிற பிப்ரவரியில் எங்கள் இருபதாவது கல்யாண நாள். அங்கே மூன்று இரவு தங்கலாமா வேண்டாமா என்று இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். எழுதிப் பார்த்தாலாவது தெளியும்.

இடம் தெரியாதவர்களுக்காக: நாங்கள் இருக்கிற டாலஸிலிருந்து புவேர்த்தோ வயார்த்தாவுக்கு நேர் விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். அமெரிக்க விசா செல்லுபடியாக இருந்தால் இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்கு மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். வயார்த்தாவுக்குத் தெற்கே போக்கா தே தொமாத்லான் என்ற மீனவ ஊர். கடலோரமாக வரும் சாலை அங்கேதான் கடலை விட்டுவிட்டு மலைக்குள் திரும்புகிறது. அதற்குப் பிறகு பந்தேராஸ் விரிகுடாவின் தென்கரையில் எங்கே போனாலும் படகுதான். எல் துயித்தோ என்ற ஊர்ப் பக்கமிருந்து மலை வழியாக ஒரு மண்பாதை யெலாபாவுக்கு உண்டு, ஆனால் பெட்டியோடு போகிறவர்களுக்கு அது வழியே இல்லை. பாங்கா என்று சொல்கிற திறந்த படகில் அரை மணியிலிருந்து முக்கால் மணி ஆகும். காலையில் கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும், மதியத்துக்கு மேல் காற்று எழும்பினால் படகின் முன்பக்கம் தூக்கித் தூக்கி அடிக்கும். போன தடவை முன்னால் உட்கார்ந்துவிட்டு இரண்டு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். போகிறவர்கள் பின்வரிசையில் உட்காருங்கள். அப்புறம், சாயங்காலத்தோடு படகுகள் நின்றுவிடும். விமானம் மூன்று மணிக்கு மேல் இறங்கினால் அன்றிரவு வயார்த்தாவிலேயே தங்க வேண்டியதுதான், அந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கணக்கு என்றதும் சொல்லிவிடுகிறேன். ஓர் இரவுக்கு 600 டாலர் கேட்கிறார்கள். அதற்கு மேல் 16 சதவீதம் மதிப்புக்கூட்டு வரி, அதற்கும் மேல் தங்கும் வரி, சேவைக் கட்டணம். சாப்பாடு தனி, அதையும் அங்கேயேதான் சாப்பிட்டாக வேண்டும், ராத்திரி ஒன்பது மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு மலையிறங்கி வேறு கடை தேட முடியாது. கீழே ஊருக்குள் நல்ல அறைகள் இதில் ஆறில் ஒரு பங்குக்குக் கிடைக்கின்றன. ஆனாலும் பணம் எனக்குப் பெரிய தடையாகத் தெரியவில்லை, இருபது வருஷத்தில் இப்படி ஒன்றுக்கு நாங்கள் செலவழித்ததே இல்லை.

அந்த வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பலாப்பா என்பார்கள். பனையோலை வேய்ந்த உயரமான கூரை, மூன்று பக்கம் சுவர், கடலைப் பார்த்த நான்காவது பக்கத்தில் சுவரும் இல்லை, கதவும் இல்லை, கண்ணாடியும் இல்லை. நடுவில் கொசுவலை கட்டிய கட்டில். படுத்தபடியே விரிகுடா முழுவதும் தெரியும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை கூன்முதுகுத் திமிங்கலங்கள் குட்டி போட இங்கே வருகின்றன. போன தடவை படகில் வரும்போது ஒரு தாயும் குட்டியும் எங்களுக்குப் பக்கத்தில் எழும்பின. தாய் மூச்சு விட்ட சத்தம், பெரிய தோல் பையிலிருந்து காற்றை ஒரேயடியாகப் பிதுக்கினால் எப்படியிருக்கும், அப்படி. படகோட்டி இன்ஜினை அணைத்துவிட்டார், ஒருவர்கூடப் பேசவில்லை.

போனில் அம்மாவிடம் சொன்னேன். "ஏண்டி, கதவே இல்லாத வீட்டுலயா படுக்கப் போற? பாம்பு தேளு வந்தா?" என்றார். அம்மா கேட்டது நியாயம்தான். யெலாபா இருக்கிற ஹலிஸ்கோ மாநிலத்தில் விஷத்தேள் நிறைய, ஓலைக்கூரை அதற்கு நல்ல இடம். இரவில் செருப்பை உதறிப் போட வேண்டும், கால்சட்டையை உதறிப் போட வேண்டும். தேள்கடிக்கு மெக்சிகோவிலேயே தயாராகும் நல்ல விஷமுறிவு மருந்து இருக்கிறது. ஆனால் அது விடுதியில் இருக்கிறதா, கீழே ஊரில் இருக்கிறதா என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் என் உண்மையான பயம் வருகிறது. இவருக்கு, என் கணவருக்கு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தது. இப்போது நன்றாக இருக்கிறார், தினமும் நாலு மைல் நடக்கிறார், மலையேறலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால்? பாதையில் இறங்க இருபத்தைந்து நிமிஷம், படகு முக்கால் மணி, அப்புறம் வயார்த்தா ஆஸ்பத்திரிக்குச் சாலையில் அரை மணிக்கு மேல். எல்லாம் சரியாக அமைந்தாலும் இரண்டு மணி நேரம். "அப்படிப் பார்த்தா எங்கயுமே போக முடியாதும்மா" என்கிறார் இவர். ஸ்டென்ட் வைத்த அன்று ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து பதினோரு நிமிஷத்தில் இருந்தது. அந்தப் பதினோரு நிமிஷத்தை நான்தான் காரில் ஓட்டினேன், அதனால் என்னால் அவ்வளவு சுலபமாகத் தலையாட்ட முடியவில்லை.

மழைக்காலம் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை. ஜூனிலிருந்து அக்டோபர் வரை காடு பச்சைப்பசேல் என்று இருக்கும், அருவி நிறைந்து விழும், வாடகையும் குறையும். ஆனால் இந்தக் கரை புயலுக்குப் பழக்கப்பட்டது. 2023 அக்டோபர் 10 அன்று லிடியா நான்காம் வகைப் புயலாக வயார்த்தாவுக்குத் தெற்கேதான் கரையேறியது. பிப்ரவரியில் மரங்கள் பாதி இலையுதிர்ந்து நிற்கும், அருவியும் மெலிந்திருக்கும், ஆனால் கடல் ஓரளவு அமைதி, திமிங்கலமும் உண்டு. எனக்கு அது போதும்.

நாங்கள் சைவம், அதையும் கேட்டுவிட்டேன். மெக்சிகோவில் பீன்ஸைப் பெரும்பாலும் பன்றிக்கொழுப்பில் வதக்குவார்கள், சோற்றைக் கோழிச்சாற்றில் வேகவைப்பார்கள், தட்டில் பார்த்தால் தெரியவே தெரியாது. "சின் மன்தேக்கா, சின் கால்தோ தே போயோ" என்று மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். சோளரொட்டி, கள்ளிக்காய், பப்பாளி, சௌசௌ என்று மிச்சம் ஏராளம். சௌசௌ மெக்சிகோக் காய்தான், அங்கே அதற்குப் பெயர் சயோத்தே. கடற்கரையில் பெண்கள் தலையில் டப் வைத்துக்கொண்டு 'பை' (pie) என்ற இனிப்புப் பண்டம் விற்பார்கள், எலுமிச்சை, தேங்காய், பெக்கான். அன்று நான் வாங்கிய தேங்காய்ப் பை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

இன்னொன்றும் என்னை அங்கே இழுக்கிறது. யெலாபா நிலம் சகாலா பழங்குடிச் சமூகத்துக்குப் பொதுச் சொத்து. வெளியாள் விலைக்கு வாங்க முடியாது, குத்தகைக்குத்தான் எடுக்கலாம். சினிமா இயக்குநர் ஜான் ஹூஸ்டன்கூட 1970களில் இதே கரையில் லாஸ் கலேத்தாஸில் அவர்களிடம் குத்தகைக்கு நிலம் எடுத்துத்தான் வீடு கட்டி வாழ்ந்தார். 2001 வாக்கில்தான் யெலாபாவுக்கு மின்சாரமே வந்தது. விரிகுடாவின் மற்றப் பக்கங்களில் நிற்கிற மாடி ஹோட்டல்கள் இங்கே வராமல் போனதற்கு இந்த நிலமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அந்த மலைக்கு என் பணம் போனால் படகுக்காரருக்கும் கழுதைக்காரப் பையனுக்கும் அதில் பங்கு உண்டு.

போன வாரம் விடுதிக்கு மின்னஞ்சல் போட்டேன். இரண்டே கேள்வி. ராத்திரியில் அவசரம் என்றால் படகு உண்டா? நடக்க முடியாதவரை யார், எப்படிக் கீழே இறக்குவீர்கள்? முதலாவதற்கு மறுநாளே பதில் வந்துவிட்டது. படகுக்காரர் ஊரிலேயே இருக்கிறாராம், ரேடியோவில் கூப்பிட்டால் படகை எடுத்துவிடுவாராம். இரண்டாவதை மேலாளரிடம் கேட்டுச் சொல்கிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பதில் வரும்வரை முன்பணம் கட்டப்போவதில்லை. இவர் ஏற்கெனவே மலையேறுகிற ஷூ வாங்கிவிட்டார், அதைப் போட்டுக்கொண்டுதான் தினமும் அந்த நாலு மைல் நடக்கிறார்.