மலைப்பாதையில் பஸ் நின்றுவிட்டால் ஈ கதை

ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டால், பர்லியாறு தாண்டிய பஸ் பின்னாலும் நகர முடியாது. கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவதெல்லாம் கீழே மேட்டுப்பாளையத்தில் நிற்கிற வண்டிகளுக்குத்தான். மேலே மாட்டியவர்கள் பொக்லைன் வந்து மண்ணை அள்ளும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அப்போது யாராவது ஒருவர் “ஒரு ஊர்ல ஒரு ராஜா” என்று ஆரம்பிப்பார். அந்த நேரத்துக்கு அது ஆகாத கதை. கூரையில் மழை அடிக்கும்போது தனிக்குரல் மூன்று சீட்டு தாண்டாது. நடுவில் இறங்கிப் பார்த்துவிட்டு வருகிறவர் “எந்த ராஜா?” என்பார். ராஜகுமாரிக்குக் கல்யாணம் ஆவதற்குள் ரோடு திறந்துவிடும்.

இந்த இடத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருப்பது, வீடு மெழுகும்போது தன் பேரை மறந்துபோன ஈயின் கதை. “என் பேர் என்ன?” என்று அது வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகும்: கன்று, தாய்ப்பசு, மேய்க்கும் ஆயன், அவன் கைக்கோல், கோல் வெட்டிய மரம், மரத்துக் கொக்கு, கொக்கு குளிக்கும் குளம், குளத்து மீன், மீன் பிடிக்கும் வலையன், வலையன் கைச் சட்டி, சட்டி செய்யும் குயவன், குயவன் கை மண், மண்ணில் முளைத்த புல், புல் தின்னும் குதிரை. மொத்தம் 14. (அந்தப் பாதையின் கொண்டை ஊசி வளைவுகளும் 14தான்!)

சொல்பவர் பஸ்ஸின் நடுவில் நிற்கட்டும். சீட்டுக்கு ஒரு பேராக முன்னாலிருந்து பிரித்துக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் “கொழுகொழு கன்றே, கன்றின் தாயே” என்று தொடக்கத்திலிருந்து வரவேண்டும். அவரவர் முறை வரும்போது அவரவர் பேரை மட்டும் சத்தமாகச் சொன்னால் போதும். முதல் சுற்றில் ஒரு பேர், அடுத்ததில் இரண்டு என்று கடைசிவரை போனால், பேர் சொல்வது மொத்தம் 105 முறை. பாதியில் ஏறி வந்தவருக்கும் அடுத்த சுற்றில் கதை முழுசாகக் கிடைத்துவிடும்.

பெரும்பாலும் அறுந்துபோவது மீனுக்கும் சட்டிக்கும் நடுவில். பலர் வலையனை விட்டுவிடுவார்கள். அந்தப் பேரை வாய்த்துடுக்கான ஆளிடம் கொடுங்கள். “எங்க அம்மாச்சி கொக்கே சொல்லமாட்டாங்க” என்று ஒருவர் கிளம்புவார். ஊருக்கு ஊர் கதை மாறத்தான் செய்யும், அன்றைக்கு ஆரம்பித்தவர் சொல்வதே கணக்கு. குதிரையைக் குழந்தையிடம் கொடுங்கள். “ஈ... ஈ...” என்று அது கனைத்தால்தானே ஈக்குத் தன் பேர் கிடைக்கும்? விடை தெரிந்த பெரியவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

பேய்க்கதை வேண்டாம். அந்தப் பக்கம் ரன்னிமேடு ஸ்டேஷனுக்குப் பக்கத்து ஊருக்கே காட்டேரி என்று பேர். குழந்தைகளுக்கு அதுவே போதும். விருந்துக் கதையும் வேண்டாம், வளைவில் வாந்தி எடுத்தவர்கள் ஜன்னலோரம் இருப்பார்கள்.

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒரு நிமிஷம் பேசாமல் இருங்கள். மேலிருந்து கல் உருளும் சத்தமும் வெளியே நிற்பவர்களின் கூப்பாடும் உள்ளே கேட்க வேண்டும். கண்டக்டர் விசில் ஊதினால் கதை எங்கே இருந்தாலும் அப்படியே விட்டு உட்காருங்கள். முதலில் ஒரு பக்க வண்டிகளைத்தான் விடுவார்கள். பஸ் நாலு அடி நகர்ந்து மறுபடி நிற்கும். குளத்தில் விட்டிருந்தால் மீனிலிருந்து தொடரலாம்.