மெதோரா: பனி மட்டும் கொன்ற ஊர் அல்ல

ஜூன் 11
அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தின் மேற்குக் கோடிக்கு வந்து சேர்ந்தேன். மெதோராவில் 2020 கணக்கெடுப்பின்படி வசிப்பவர்கள் 121 பேர்தான். தெருவிலோ எங்கும் சுற்றுலாக் கூட்டம். 1883இல் மார்க்கி தெ மோரெஸ் என்ற பிரெஞ்சுப் பிரபு, லிட்டில் மிசௌரி ஆற்றங்கரையில் இந்த ஊரை நிறுவி மனைவியின் பெயரைச் சூட்டினார். அப்போது அவருக்கு வயது 24. மாமனார் நியூயார்க்கில் வங்கி அதிபர் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை விளங்கும்.

ஜூன் 12
காலை முழுவதும் புகைபோக்கி அடியில் கழிந்தது. பிரபுவின் இறைச்சி ஆலை 1907இல் எரிந்துபோனது. நிமிர்ந்து நிற்பது இது ஒன்றுதான்.

திட்டம் என்னவோ புத்திசாலித்தனமானதுதான். உயிருள்ள மாடுகளை ரயிலில் சிகாகோவுக்கு அனுப்பினால் வழியிலேயே எடை குறையும். எலும்புக்கும் தோலுக்கும் சேர்த்து வாடகை கொடுக்க வேண்டும். இங்கேயே வெட்டி, பனிக்கட்டி வைத்த பெட்டிகளில் இறைச்சியை மட்டும் கிழக்கே அனுப்பினால் என்ன? ஆனால் புல் மட்டுமே மேய்ந்த மாடு இலையுதிர் காலத்தில்தான் கொழுத்திருக்கும். மற்ற மாதங்களில் ஆலைக்கு வேலை குறைவு. வாங்குபவர்களுக்கோ மக்காச்சோளம் தின்று கொழுத்த சிகாகோ மாட்டின் இறைச்சிதான் பிடித்தது. 1886 நவம்பரில் ஆலை மூடப்பட்டது.

ஜூன் 13
பின்னாளில் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட்டின் முதல் பண்ணை வீடான மால்டீஸ் கிராஸ் மரவீட்டை இப்போது தேசியப் பூங்காவின் வாசலில் வைத்திருக்கிறார்கள். உள்ளே ‘டி. ஆர்.’ என்று எழுத்துப் பொறித்த பயணப் பெட்டி. 1883இல் காட்டெருமை வேட்டைக்கு வந்தவர், திரும்பும் முன்பே மாட்டுத் தொழிலில் பணம் போட்டுவிட்டார். அடுத்த பிப்ரவரியில் தாயும் மனைவியும் ஒரே நாளில் இறந்த பிறகு, இங்கேயே வந்து எல்க்ஹார்ன் என்ற இரண்டாவது பண்ணையையும் அமைத்தார்.

1886–87 குளிர்காலம் அவருடைய மந்தையில் பாதிக்கு மேல் வாரிக்கொண்டு போனது. அன்றைய மாட்டுத் தொழில் ஊர் அழிந்ததற்கு எல்லோரும் அந்தப் பனியைத்தான் காட்டுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. ஆலை மூடியபோது குளிர்காலம் தொடங்கியிருந்தது, அவ்வளவுதான். அதற்கு முந்தைய கோடையே வறட்சி. அளவுக்கு மீறி மாடுகளை விட்டதில் புல்வெளி ஏற்கெனவே மொட்டை. வேலியில்லா மேய்ச்சலை நம்பி, பெரும்பாலான பண்ணையார்கள் குளிருக்குத் தீவனமும் சேர்த்து வைக்கவில்லை. வைக்கோல் போர் போடாமல் மாடு வளர்ப்பவரை எங்கள் ஊரில் பிழைக்கத் தெரியாதவர் என்பார்கள்.

ஜூன் 14
ஆற்றுக்கு அப்பால் குன்றின்மேல் பிரபுவின் வீடு, 26 அறைகள். ‘ஷாத்தோ’, அதாவது பிரெஞ்சில் மாளிகை என்கிறார்கள், பார்த்தால் பெரிய மரவீடு. தெ மோரெஸ் 1896இல் வட ஆப்பிரிக்காவில் கொல்லப்பட்டார். ரூஸ்வெல்ட் 1898இல் மிச்சமிருந்த மாடுகளை விற்றார். பிற்பாடு அதிபரானதால் அவருடைய நஷ்டம் வீரக்கதையாகிவிட்டது. பிரபுவின் நஷ்டத்துக்கு அந்த யோகம் இல்லை.

எல்க்ஹார்னில் அஸ்திவாரக் கற்கள்தான் மிச்சமாம். சரளைச் சாலை, மழை வந்தால் போகாதீர்கள் என்றார் பூங்கா அலுவலகத்தில் இருந்த அம்மாள். வானம் வெளுத்திருக்கிறது, நாளை விடியலிலேயே கிளம்புகிறேன்.