ஐந்து மீட்டர் தள்ளி: தென்கடல் தீவுகளில் ஒரு படப்பயணம்

டிசம்பர் 4, பிளஃப் துறைமுகம், நியூசிலாந்து

கப்பல் ஏறுவதற்கு முன்பே பாதி நாள் துடைப்பதில் போய்விட்டது. காலணியின் அடிப்பள்ளம், மழைக்கோட்டுப் பை, முக்காலியின் கால் என ஒன்று விடாமல் வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி, பிரஷ் போட்டுத் தேய்த்து, கிருமிநாசினியில் முக்கி எடுத்தோம். என் கேமராப் பையின் வெல்க்ரோ பட்டையை வழிகாட்டிப் பெண் விளக்கடியில் விரித்துப் போட்டு இடுக்கியால் துழாவினார். முடியளவு மெலிந்த ஒரு புல்விதை வந்தது. நுனியில் கொக்கி. எந்த ஊர்ப் புல்லோ! டேப்பில் ஒட்டிக் குப்பைக்கு அனுப்பிவிட்டு, அடுத்த பட்டைக்குப் போனார்.

சின்னக் குழு. பெரும்பாலும் நரைத்த தலைகள், பெரிய லென்ஸ்கள். தமிழ் பேச என்னைத் தவிர இன்னொருவர் இருக்கிறார். பறவைப் படத்தில் ஊறியவர், என்னைவிட மூத்தவர். ‘அண்ணா’ என்றே கூப்பிடுகிறேன்.

விதிகளை வாசித்தார்கள். எந்த உயிரினத்துக்கும் ஐந்து மீட்டருக்குள் போகக் கூடாது. டிரோன் கிடையாது. கரையில் உட்காரவோ, மண்டியிடவோ, படுக்கவோ கூடாது. பையைக்கூடத் தரையில் வைக்கக் கூடாது. கடைசி விதி பறவைக் காய்ச்சலால் வந்தது. 2023 அக்டோபரில் அந்த வைரஸ் தெற்கு ஜார்ஜியா தீவுக்குள் நுழைந்த பிறகு தென்கடல் முழுக்கவே கெடுபிடி.

“படுக்காம பெங்குயின் படமா? தம்பி, நம்ம பாதி வித்தை போச்சு” என்றார் அண்ணா.

டிசம்பர் 5, ஸ்னேர்ஸ் தீவுகள்

இங்கே கரை இறங்கவே அனுமதி இல்லை. எலி, பூனை, ஆடு என்று எந்த வந்தேறி விலங்கும் நிலைகொள்ளாத தீவுக்கூட்டம் இது. உலகத்தில் இப்படி மிச்சமிருப்பவை கொஞ்சம்தான். ஆகவே ரப்பர் படகில் ஓரமாகச் சுற்றினோம்.

அலை ஏறும்போது பாறையடி தெரியாது. இறங்கும்போது பழுப்புநிறக் கடற்பாசி தோல்வார்களாகத் தொங்கும். அந்தப் பாசியைப் பிடிமானமாக வைத்துத்தான் ஸ்னேர்ஸ் பெங்குயின்கள் கரையேறுகின்றன. ஒன்று அலையோடு வந்து விழுந்தது, வழுக்கிப் போனது, அடுத்த அலையில் மறுபடி வந்தது. அலகின் அடியில் இளஞ்சிவப்பாகத் தோல், கண்ணுக்கு மேல் மஞ்சள் புருவம். இந்த இனம் குஞ்சு பொரிப்பது உலகத்திலேயே இந்தத் தீவுக்கூட்டத்தில் மட்டும்தான்.

ஆடும் படகிலிருந்து 500 மி.மீ. லென்ஸ் வெறும் பாரம். 70-200 மாட்டி, ஷட்டர் 1/2000 வைத்து, ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வு அளவை) தானாக ஏறவிட்டேன். ஒரு கை எப்போதும் படகின் கயிற்றில்.

இருட்டும் நேரத்தில் கப்பலின் மேல்தளத்துக்குப் போனோம். பகலெல்லாம் கடலில் இரை தேடிய கரும்பழுப்பு ஷியர்வாட்டர் கடற்பறவைகள் மண்வளைக்குத் திரும்பும் நேரம். இங்கே அவை லட்சக்கணக்கில் கூடு வைக்கின்றன. வானம் புள்ளியும் கோடுமாகி, பிறகு கோடு மட்டுமாகிவிட்டது. ஐஎஸ்ஓ 12,800 தாண்டியதும் படம் எடுப்பதை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணா விடவில்லை. அவருடைய திரையில் ஒரே ஒரு பறவை, துல்லியமாக. அத்தனை லட்சத்தில் ஒன்று!

டிசம்பர் 6, எண்டர்பி தீவு (ஆக்லாந்து தீவுகள்)

இறங்கியது சாண்டி பே. கடற்கரை முழுக்க நியூசிலாந்துக் கடற்சிங்கங்கள். இது பெண் விலங்குகள் குட்டி போடும் மாதம். ஒவ்வொரு பெரிய ஆணும் தன் கூட்டத்தைச் சுற்றி வேலி போட்டதுபோல் உலவுகிறது. ஒன்று கழுத்துப் பிடரியைச் சிலிர்த்து எங்கள் பக்கம் ஓடி வந்தது. ஓடக் கூடாது, அசையாமல் நில் என்றார்கள். நின்றோம். மூச்சு வாடை முகத்தில் படும் தூரத்துக்கு வந்து, ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. ஐந்து மீட்டர் விதி நமக்கு மட்டும்தான்.

மரப்பலகை நடைபாதை வழியே தீவின் வடக்குச் செங்குத்துப் பாறைக்குப் போனோம். வழியெங்கும் மஞ்சள் பல்பினெல்லா பூத்துக் கிடந்தது. 1993-இல் இங்கிருந்து முயல்களையும் மாடுகளையும் அகற்றினார்கள். அதற்கு முன் இந்தச் செடிகளை மேய்ந்தே தீர்த்திருந்தன. பக்கத்துப் பெரிய ஆக்லாந்து தீவில் பன்றியும் பூனையும் சுண்டெலியும் இன்னும் இருக்கின்றன. அங்கே பன்றிகளை முதலில் விட்டது 1807-இல்.

பாறை விளிம்பில் இரண்டு லைட்-மேன்டில்டு ஆல்பட்ராஸ் கடற்பறவைகள். சாம்பல் உடல், கண்ணுக்குப் பின்னால் வெள்ளைப் பிறை. இரண்டும் சேர்ந்து பறந்த விதத்தைச் சொல்ல வேண்டும். முன்னது இடப்பக்கம் சாய்ந்தால் பின்னதும் அதே கணம் சாய்கிறது. ஒன்று இறக்கை நுனியை மடக்கினால் மற்றதும் மடக்குகிறது. நடுவில் உள்ள இடைவெளி மாறவே இல்லை. இது ஜோடி சேரும் பறவைகளின் வழக்கம். பெரிய லென்ஸில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும். ஒன்றைப் பிடித்தால் விஷயமே போச்சு. 100 மி.மீ. அளவுக்கு இறங்கி, கீழே நுரைக்கும் கடலையும் சேர்த்து எடுத்தேன். பறவைகள் சின்னதாகத்தான் இருக்கின்றன. இருக்கட்டுமே.

அண்ணாவுக்கு ஒப்பவில்லை. “மூஞ்சி முழுக்க வந்தாத்தான்பா பறவைப் படம். மத்ததெல்லாம் போஸ்ட்கார்டு.”

திரும்பும்போது ஒரு மஞ்சள்கண் பெங்குயின் நடைபாதையைக் கடக்கக் காத்திருந்தது. நாங்கள் பின்வாங்கினோம். அது இன்னும் காத்திருந்தது. கடைசியில் ராட்டா மரத்தடிவரை நாங்கள் போன பிறகுதான் கடந்தது. கூச்ச சுபாவி, ஆள் நின்றால் குஞ்சுக்கு இரை கொண்டுபோகாமலே நின்றுவிடும்.

டிசம்பர் 7, கார்ன்லி துறை (ஆக்லாந்து தீவுகள்)

நாள் முழுக்க மழை. 1864 ஜனவரியில் இங்கேதான் ‘கிராஃப்டன்’ கப்பல் உடைந்தது. ஐந்து பேர் கரையேறி, குடில் கட்டி, கொல்லுலை அமைத்து, ஆணிகூடத் தாங்களே அடித்து, சிறு படகைச் சீர்செய்து, மூன்று பேர் ஸ்டூவர்ட் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மற்ற இருவரையும் பிறகு மீட்டார்கள். அதே ஆண்டு மே மாதம் தீவின் மறுமுனையில் ‘இன்வர்கால்ட்’ உடைந்தது. பத்தொன்பது பேர் கரையேறி, மூன்று பேர்தான் பிழைத்தார்கள். ஒரு கூட்டம் இருப்பது மற்றதற்குத் தெரியவே இல்லை. குடில் இருந்த இடத்தில் மிஞ்சியிருப்பதைப் படம் எடுத்தேன். கதை தெரியாதவருக்கு அது வெறும் ஈரக்காடு.

டிசம்பர் 8, கடலில்

ஐம்பதாவது அட்சரேகையைத் தாண்டிவிட்டோம். மேல்காற்று கப்பலின் பக்கவாட்டில் அறைகிறது. பாதிப்பேர் படுக்கையில்.

பின்தளத்தில் காலை முழுக்க ஆல்பட்ராஸ்கள். காற்றுக்கு எதிராக மேலேறி, திரும்பி, அலைப் பள்ளத்துக்குள் சரிந்து, மறுபடி மேலே. அலைக்கு அருகே காற்று மெதுவாகவும் மேலே வேகமாகவும் அடிக்கும் வித்தியாசத்தைத் தின்றே இவை பிழைக்கின்றன. விரித்த இறக்கையைத் தோளில் ஒரு தசைநார் பூட்டிக்கொள்வதால் கை வலிப்பதில்லை. ராயல் ஆல்பட்ராஸா, வாண்டரிங் ஆல்பட்ராஸா என்ற சண்டைக்கு அலகைப் பார்க்க வேண்டும்: மேல் அலகின் விளிம்பில் மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் ராயல். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், கோடு இருந்தது.

மூன்று மீட்டருக்கு மேல் இறக்கை உள்ள பறவை படத்தில் காக்கை அளவாகத் தெரிந்தால் பார்ப்பவர் என்ன நினைப்பார்? அளவு தெரிய அலை வேண்டும். அதனால் பறவை பள்ளத்தில் இறங்கி, பின்னால் அலைச்சுவர் எழும் கணத்துக்குக் காத்திருந்தேன். நீலவானப் பின்னணியை விரும்புகிறவர்களை எனக்குப் புரியவே இல்லை.

ஒரு நடைமுறைக் குறிப்பு: குளிரிலிருந்து அறைக்குள் வரும்போது கேமராவைப் பையில் வைத்து மூடியே கொண்டுவர வேண்டும். அப்படியே வந்தால் லென்ஸ் உள்ளேயும் பனிபூக்கும். உப்புத் துளியை முதலில் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். காய்ந்த பிறகு தேய்த்தால் கண்ணாடி கீறும்.

டிசம்பர் 10, மக்வாரி தீவு

இங்கேயும் ஒரு சாண்டி பே. பெயர் வைக்கச் சோம்பல்பட்டவர்கள் போலும். இது ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத்தைச் சேர்ந்தது, 34 கி.மீ. நீளம், 5 கி.மீ. அகலம். கடலடித்தளமும் அதற்குக் கீழுள்ள மேன்டில் (பூமியின் மேலோட்டுக்கு அடியிலுள்ள அடுக்கு) பாறையும் மேலே தூக்கப்பட்டு உருவான தீவு. 1997-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானதும் முதன்மையாக இந்தப் பாறைகளுக்காகத்தான். ஆனால் இறங்கிய யாரும் பாறையைப் பார்க்கவில்லை.

கிங் பெங்குயின்கள் எங்களை வரவேற்கும் பொறுப்பில் இருப்பதைப் போல் வரிசையாக வந்தன. நாங்கள் ஐந்து மீட்டரில் நின்றோம். அவை மீதித் தூரத்தை நடந்து முடித்தன. ஒன்று என் காலணி நாடாவைக் கொத்தி இழுத்து, கழுத்தைச் சாய்த்துப் பார்த்து, மறுபடி இழுத்தது. நான் அசையவில்லை. அலகின் பக்கவாட்டில் ஆரஞ்சுப் பட்டை. ஈரம் பட்ட கழுத்தில் அது மஞ்சளாகிக் கீழே வெள்ளையில் கரைகிறது. அந்த வெள்ளைதான் பாடாய்ப்படுத்துகிறது. கறுப்புப் பாறைக் கடற்கரையைக் கண்டு கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது, மார்பிறகு வெளுத்துப் போகிறது. வெளிச்ச அளவை முக்கால் ஸ்டாப் குறைத்து, ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடத்தின் வலது ஓரத்தைப் பார்த்தபடியே எடுத்தேன்.

தரைமட்டக் கோணத்துக்கு வழி கண்டுபிடித்தோம். ஒற்றைக்காலியில் கேமராவைத் தலைகீழாக மாட்டி, தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கவிட்டு, திரையைத் திருப்பி வைத்துத் தொலைவிசையை அழுத்த வேண்டும். நாம் நிற்கலாம், கேமரா படுத்துக்கொள்ளும். அண்ணா குழந்தைபோல் குதூகலித்தார்.

மேலே ராயல் பெங்குயின் குடியிருப்பு. மக்வாரியையும் அருகிலுள்ள குறுந்தீவுகளையும் தவிர வேறெங்கும் இவை இனப்பெருக்கம் செய்வதில்லை. சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. தோல் உரிக்கும் யானை சீல்கள் கொத்துப்புல் குழிகளில் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன. நாற்றத்தைப் படம் எடுக்க முடியாதது ஒரு வகையில் நல்லதுதான்.

அந்தக் கொத்துப்புல் ஆள் இடுப்பளவு நிற்கிறது. முயல்கள் ஒரு லட்சத்துக்கு மேல் பெருகியிருந்த காலத்தில் சரிவுகள் மொட்டையாகக் கிடந்தன. 2006-இல் ஒரு மண்சரிவு லூசிட்டேனியா பே பெங்குயின்களைப் புதைத்தது. முயல், எலி, சுண்டெலி மூன்றும் ஒழிந்துவிட்டதாக அறிவித்தது 2014-இல்தான்.

டிசம்பர் 11, லூசிட்டேனியா பே (மக்வாரி தீவு)

இறங்க அனுமதியில்லை. கடலிலிருந்து பார்த்தால் கரையே தெரியவில்லை, பெங்குயின்தான் தெரிகிறது. கூட்டத்தின் நடுவில் துருப்பிடித்த இரும்புக் கொப்பரைகள். பெங்குயின்களை ஆவியில் வேகவைத்து எண்ணெய் எடுத்த கலங்கள் அவை. ஜோசப் ஹாட்ச் என்ற வணிகர் நடத்திய தொழில். அண்டார்க்டிக் ஆய்வாளர் டக்ளஸ் மாசன் போன்றவர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தபின் உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. 1933-இல் தீவு சரணாலயமானது. அப்போது இந்தக் குடியிருப்பில் மிஞ்சியவை சில ஆயிரம் கிங் பெங்குயின்கள்.

கொப்பரையின் காலடியில் பழுப்பு உரோமக் குஞ்சுகள் காற்றுக்கு மறைவாக ஒண்டி நிற்கின்றன. 400 மி.மீ.-இல் கொப்பரையை முழுசாக வைத்து, சுற்றிலும் பறவைகளை நிரப்பினேன். இந்தப் பயணத்தில் வேறு எதுவும் சரியாக அமையாவிட்டாலும் இது போதும்.

டிசம்பர் 13, கேம்பல் தீவு

பெர்சிவரன்ஸ் துறைக்குள் நுழைந்ததும் கப்பல் ஆடுவது நின்றது. 1810-இல் கேம்பலையும் மக்வாரியையும் கண்டுபிடித்த சீல் வேட்டைக் கப்பல் தலைவர் ஹாசல்பரோ, அதே ஆண்டு நவம்பரில் இந்தத் துறையில்தான் படகு கவிழ்ந்து இறந்தார்.

1895 முதல் 1931 வரை செம்மறி ஆட்டுப்பண்ணை நடந்த தீவு. ஆள் போனபின் ஆடும் எலியும் நின்றன. ஆடுகளைப் படிப்படியாக அகற்றி, 2001-இல் ஹெலிகாப்டர்களில் 120 டன் விஷத்தீனி தூவி 11,300 ஹெக்டேரில் எலியை ஒழித்தார்கள். அந்தக் காலத்தில் அத்தனை பெரிய தீவில் யாரும் செய்யாதது. பறக்காத கேம்பல் வாத்தை 2004-இல் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். உள்ளான் இனப் பறவை ஒன்றுக்கு அந்தச் சிரமமும் தேவைப்படவில்லை; பக்கத்துக் குறுந்தீவில் ஒளிந்து பிழைத்தது, எலி போனதும் தானாகவே பறந்து வந்து குடியேறிவிட்டது. இன்று பலகைப் பாதையோரம் செடிக்குள் ஓடியது, மங்கலான ஒரு படம் இருக்கிறது. அழிக்கப்போவதில்லை.

கரையோரம் ஒரு சிட்கா ஸ்ப்ரூஸ் மரம். 1901 வாக்கில் நியூசிலாந்து ஆளுநர் ரான்ஃபர்லி நட்டது என்பார்கள். அடுத்த மரத்துக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். எல்லாரும் அதை எடுத்தார்கள், நானும் எடுத்தேன். சுமாரான மரம்.

டிசம்பர் 14, கோல் லயல் சரிவு (கேம்பல் தீவு)

மாலை ஆறுக்கு ஏறினோம்; ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருந்தது. ஊதா நிறப் புளூரோஃபில்லம் விரிந்த இலைகளோடு சரிவு முழுக்க நிற்கிறது. 1840-இல் இங்கே வந்த தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் இந்தச் செடிகளைக் கண்டு அசந்தாராம். அதன் இலையில் விரல்நுனி படக்கூடிய தூரத்திலிருந்து பார்த்தால் நீளவாக்கில் ஆழ்ந்த வரிகள், வரிக்கிடையே மெல்லிய ரோமம், ரோமத்தில் மழைத்துளி. குளிரைத் தாங்க அமைந்த போர்வை.

செடிகளுக்கு நடுவே தெற்கு ராயல் ஆல்பட்ராஸ்கள் முட்டை மேல் அமர்ந்திருந்தன. இரண்டு ஆண்டுக்கு ஒரே முட்டை. அடைகாப்பு சுமார் 79 நாள். குஞ்சு பறக்க இன்னும் எட்டு மாதம் வரை. அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் தூண்டில் கயிற்று மீன்பிடிப்பில் சாகும் ஒவ்வொரு பறவையும் எவ்வளவு பெரிய இழப்பு என்று விளங்கும்.

கூட்டில் இருந்ததன் துணை கடலிலிருந்து வந்து இறங்கியது. காலை முன்னால் நீட்டி, மூக்குக் குத்தி, உருண்டு, எழுந்து, எதுவும் நடக்காத முகத்தோடு நடந்து வந்தது. பறப்பதில் அரசன், இறங்குவதில் இப்படி. 24 மி.மீ. மாட்டி, மேடு, மேகம், வளைந்த புல், தள்ளாடி நடக்கும் பறவை எல்லாம் சேர எடுத்தேன். அண்ணா 600-இல் கண்ணை எடுத்தார். கண்ணிமையின் ஓரத்தில் ஒட்டிய மண்துணுக்குகூடத் தெரிகிறது. அருமையான படம், சும்மா சொல்லக் கூடாது.

டிசம்பர் 16, பிளஃப் நோக்கி

கூடத்தில் ஆளுக்குப் பத்துப் படம் திரையிட்டோம். என் கொப்பரைப் படத்துக்கு யாரும் பேசவில்லை. அண்ணா மட்டும் இரண்டாம் முறை போடச் சொன்னார். பார்த்துவிட்டு, “அந்த ஓரத்துக் குஞ்சை வெட்டி எடுத்து பெருசாக்கினா நல்லா இருக்கும் தம்பி” என்றார். வெட்ட மாட்டேன் என்றேன். ராத்திரிச் சாப்பாடு வரை அதே வழக்குதான்; முடியவில்லை, நாளை காலைச் சாப்பாட்டிலும் தொடரும் போலிருக்கிறது. இப்போது கார்டுகளை இரண்டு டிஸ்க்கில் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது டிஸ்க் இன்னும் பாதிகூட ஆகவில்லை.