மாட்டை வெளியேற்றச் சொல்லும் மனுவில் நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை

எங்கள் தெருவில் ஒரு மனு சுற்றிக்கொண்டிருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா வளர்க்கும் மூன்று கறவை மாடுகளையும் குடியிருப்புப் பகுதியை விட்டே அகற்ற வேண்டும் என்று கேட்கும் மனு. தெருவில் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அந்தக் கொட்டகையைப் பார்த்துத்தான் என் வீட்டுச் சமையலறை ஜன்னல் திறக்கிறது. நாற்றமோ ஈயோ இரவுச் சத்தமோ, எதுவானாலும் முதலில் வந்து சேர்வது எனக்குத்தான். அப்படியும் நான் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தாம்பரத்துக்குக் கிழக்கே சேலையூர், மாடம்பாக்கம் பக்கமெல்லாம் ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த ஊர்கள். வயல் மனையாகி, மனை அடுக்குமாடியானது. மாடு வைத்திருந்த குடும்பங்களில் சிலர் மட்டும் விடாமல் வைத்திருக்கிறார்கள். அதற்காக, "நாங்கதான் இங்க முதல்ல இருந்தோம்" என்று அக்கா சொல்வதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. அவர் மாமியார் காலத்தில் மாடு மேய ஏரிக்கரை இருந்தது, சாணி போக வயல் இருந்தது. இப்போது இரண்டும் இல்லை. சண்டை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு கலப்பின மாடு ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது கிலோ சாணி போடும். மூன்று மாட்டுக்கு ஐம்பது கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கோமியமும் கொட்டகை கழுவுகிற தண்ணீரும் தனி. அக்கா அந்தச் சாணியைக் குவித்து வைத்திருந்தது எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான காம்பவுண்டுச் சுவரை ஒட்டி. என் பக்கத்தில் இடுப்பு உயரத்துக்குப் பூச்சு பொரிந்து, விரல் பட்டால் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. கோமியத்தின் உப்பு செங்கலுக்குள் ஏறிவிட்டால் மேலே எந்த பெயின்ட் அடித்தாலும் நிற்காது. கொத்தனார் பார்த்துவிட்டு, "குவியலை எடுக்காம பூசினா காசுதான் வேஸ்ட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். "சுவத்தோரம் கொட்டாதேன்னா வேற எங்க டீச்சர் கொட்டுவேன்? நீங்களே ஒரு இடம் காட்டுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவரிடம் உண்மையிலேயே இடம் இல்லை. அப்புறம் இருவருமாக விசாரித்ததில், மேடவாக்கம் பக்கம் நர்சரி வைத்திருக்கும் ஒருவர் வண்டி அனுப்பி எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். தினமும் வர முடியாது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவேன் என்றார். அது போதும். நம் ஊர் வெயிலில் ஈ முட்டையிட்டு, புழுவாகி, கூடாகி, பறக்கிற ஈயாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதற்குள் சாணி அங்கிருந்து போய்விட்டால் ஈ உருவாகவே வழியில்லை. சாணி போகத் தொடங்கிய அந்த மாதமே என் அடுப்படியில் வித்தியாசம் தெரிந்தது.

இரவுச் சத்தம் வேறு கதை. மாடியில் குடியிருக்கும் ஒரு சார், மாட்டை அடித்துத் துன்புறுத்துகிறார்கள் என்றே நினைத்துவிட்டார். பருவத்துக்கு வந்த பசு அப்படித்தான் விடிய விடியக் கத்தும். சினை பிடிக்காவிட்டால் ஏறத்தாழ 21 நாளைக்கு ஒரு முறை வரும். கத்த ஆரம்பித்ததும் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டுச் சினை ஊசி போட்டு, சினை பிடித்துவிட்டால் பல மாதத்துக்குச் சத்தமே இருக்காது. இதை அக்கா முன்கூட்டியே அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மனுவில் இருக்கும் "மிருகவதை" என்ற வரி வந்தே இருக்காது.

ஆனால் மாட்டைத் தெருவில் அவிழ்த்து விடும் விஷயத்தில் நான் அக்கா பக்கம் இல்லை. காலையில் கறந்துவிட்டு அவிழ்த்துவிட்டால் மத்தியானம் வரை மாடு குப்பைத்தொட்டியில் பிளாஸ்டிக்கோடு சேர்த்து மேய்கிறது. 2023 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் பள்ளிவிட்டு வந்த ஒரு சிறுமியை மாடு முட்டித் தூக்கிப்போட்ட வீடியோவைப் பார்க்காதவர்கள் இங்கே யாரும் இல்லை. அதற்குப் பிறகு தெருவில் மாட்டைப் பார்த்தாலே தாய்மார்கள் பிள்ளையின் கையை இறுக்கிப் பிடிக்கிறார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். சென்னை மாநகராட்சி 2,000 ரூபாயாக இருந்த அபராதத்தை 5,000 ஆக்கி, 2024இல் 10,000 ஆக்கியது. இரண்டாவது முறை பிடிபட்டால் 15,000. கறந்து பிழைக்கிற குடும்பத்துக்கு அது பெரிய பணம். இருந்தும் மாடுகள் சாலையில் நிற்கின்றன என்றால், கட்டிவைக்க இடமில்லாமல் மாடு வைத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

2023இல் வந்த நகர்ப்புற உள்ளாட்சி விதிகள் ஒரு மாட்டுக்கு 36 சதுர அடி கேட்கின்றன. கால்நடை வளர்ப்புப் பாடப்புத்தகங்கள் கூரைக்குக் கீழே மூன்றரை சதுர மீட்டர், அதாவது கிட்டத்தட்ட அதே அளவு இடம் சொல்லிவிட்டு, திறந்தவெளியில் அதைப்போல இரண்டு மடங்கும் சேர்த்துக் கேட்கின்றன. இரண்டும் சேர்ந்தால் மாட்டுக்கு 110 சதுர அடிக்கு மேல். அக்காவின் பின்கட்டு முழுவதையும் அளந்தாலும் அரை சென்ட், அதாவது சுமார் 218 சதுர அடிதான் தேறும். அதில் இரண்டு மாடு நெருக்கிப் பிடித்து நிற்கலாம். மூன்றாவது மாட்டுக்கும் கன்றுக்கும் இடமில்லை. இதை அவரிடமே உட்கார்ந்து போட்டுக் காட்டினேன். முகம் வாடிப்போனது. மூன்றாவது மாடு அவர் மகள் கல்லூரிக் கட்டணத்துக்காக வாங்கியது.

இப்போது மனுவைக் கோட்டாட்சியரிடம் கொடுக்கப் போகிறார்களாம். பொதுத் தொல்லை என்று முடிவானால் அதை நீக்கச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு. அங்கே போனால் ஒரு வீட்டின் வருமானமே போய்விடலாம். சுவரும் ஈயும் பேசித் தீர்ந்ததை நான் கண்ணால் பார்த்தவள். அதனால் ஞாயிற்றுக்கிழமை நலச்சங்கக் கூட்டத்தில் வேறு ஒரு தீர்மானம் கொண்டுவரப்போகிறேன். மகளின் இந்த ஆண்டுக் கட்டணம் கட்டி முடியும் வரை மூன்றாவது மாட்டுக்கு அவகாசம் கொடுப்போம், அதன்பின் இரண்டுதான். எந்த மாடும் தெருவுக்கு வரக்கூடாது, அதற்கு அவகாசமே கிடையாது. கழுவுநீர் மழைநீர் வடிகாலுக்குப் போகாமல் ஒரு தொட்டியில் விழ வேண்டும், தொட்டி கட்டும் செலவில் பாதியைச் சங்கம் ஏற்க வேண்டும். ஐப்பசி மழையில் அந்த வடிகால் எதிர்த்து வந்தால் நம் எல்லார் வாசலிலும்தானே நிற்கும்? அக்கா இதற்கு ஒத்துக்கொண்டார். தொட்டிக்குக் குழி எடுக்க அவர் தம்பி வருகிறார்.