கைது செய்யும் அதிகாரத்தை மாநிலம் யாருக்குக் கொடுக்கிறது?

அமெரிக்காவில் கொலை, திருட்டு, குடும்ப வன்முறை, குடித்துவிட்டு வண்டி ஓட்டுதல் போன்ற அன்றாடக் குற்றங்களில் பெரும்பாலானவை மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டவை. அவற்றைக் கையாள்பவர்கள் நகரக் காவல் துறையினரும் கவுண்டி எனப்படும் மாவட்டங்களின் காவல் தலைவர்களான ஷெரிஃபுகளும் மாநிலக் காவலர்களும்தான். மத்திய அரசான கூட்டாட்சி அரசின் கீழ் வரும் எஃப்.பி.ஐ. முகவர், எல்லைக் காவலர், கூட்டாட்சி நீதிமன்றங்களின் காவல் அலுவலரான யு.எஸ். மார்ஷல் ஆகியோருக்குக் கைது செய்யும் அதிகாரத்தை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிய சட்டங்கள் வழங்குகின்றன, அது அடிப்படையில் கூட்டாட்சிக் குற்றங்களோடு நின்றுவிடுகிறது. ஆகவே, நெடுஞ்சாலையில் தடுமாறிச் செல்லும் ஒரு காரைக் காணும் கூட்டாட்சி முகவர், குடிபோதைக் குற்றத்துக்காக அதன் ஓட்டுநரைக் கைது செய்யலாமா என்பதைப் பெரும்பாலும் அவர் நிற்கும் மாநிலத்தின் சட்டமே தீர்மானிக்கிறது.

இதற்கு மாநிலங்கள் ஒரே விடையைத் தரவில்லை. கலிஃபோர்னியாவின் தண்டனைச் சட்டத் தொகுப்பில் 830.8ஆம் பிரிவு, கூட்டாட்சிப் புலனாய்வாளர்கள் மாநிலத்தின் காவல் அலுவலர்கள் அல்லர் என்று முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. அதன் பிறகு, உயிருக்கோ உடைமைக்கோ உடனடி ஆபத்து விளைவிக்கும் குற்றம் நடக்கும்போதும், மாநிலக் காவல் அமைப்பு ஒன்று உதவி கேட்கும்போதும், இன்னும் சில சூழல்களிலும் அவர்கள் கைது செய்யலாம் என்று அனுமதிக்கிறது. அதற்கு முன் உரிய பயிற்சியை அவர்கள் முடித்திருப்பதாக அவர்களுடைய துறைத் தலைவர் சான்றளிக்க வேண்டும். டெக்சாஸும் அவர்களைக் காவல் அலுவலர்களாகக் கருதுவதில்லை, ஆனால் மாநிலச் சட்டப்படி கடுங்குற்றமாக உள்ளவற்றில் கைது, சோதனை, பறிமுதல் ஆகியவற்றுக்கு இடமளிக்கிறது.

இத்தகைய அனுமதி தேவை என்பதே என் கருத்து. கண்ணெதிரே ஒருவர் கத்தியால் குத்தப்படும்போது, பயிற்சியும் ஆயுதமும் உள்ள ஓர் அலுவலர், தன் அதிகார எல்லையை எண்ணிக் கைகட்டி நிற்கக் கூடாது. வன்முறைக் குற்றத்திலிருந்து ஒருவரைக் காக்க நியாயமான முறையில் தலையிடும் கூட்டாட்சி அலுவலர், தன் பணியின் வரம்புக்குள் செயல்பட்டதாகவே கருதப்படுவார் என்று 1998இல் காங்கிரஸ் சட்டமியற்றியது. அது வழக்குகளிலிருந்து அவருக்குப் பாதுகாப்புத் தருகிறதே தவிர, மாநிலச் சட்டப்படி கைது செய்யும் அதிகாரத்தைத் தருவதில்லை. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது மாநிலச் சட்டமன்றம்தான்.

ஆனால் ஆபத்து நேரத்துக்கான அனுமதி வேறு, எந்த நேரத்திலும் எந்தக் குற்றத்துக்கும் செல்லுபடியாகும் பொது அதிகாரம் வேறு. பிந்தையதைக் கேட்கும்போது நான் தயங்குகிறேன். ஷெரிஃபைத் தேர்ந்தெடுப்பவர்கள் அந்தக் கவுண்டியின் வாக்காளர்கள், அவர் தவறினால் அடுத்த தேர்தலில் அவரை நீக்கவும் அவர்களால் முடியும். கூட்டாட்சி முகவர் பதில் சொல்ல வேண்டிய மேலதிகாரியோ வாஷிங்டனில் இருக்கிறார்.

கூட்டாட்சித் திட்டங்களுக்காக மாநில அலுவலர்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்க முடியாது என்று 1997இல் பிரின்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலக் காவல் அதிகாரம் மாநிலத்தின் கையில் இருக்க வேண்டும் என்பதை இவ்வளவு உறுதியாகக் காத்துக்கொண்ட மாநிலங்கள், அதே அதிகாரத்தைத் தாமாக வழங்கும்போது, அதைத் திரும்பப் பெறும் உரிமையையும் சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும். 2020 செப்டம்பரில் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. போராட்டங்களின்போது உள்ளூர்க் காவலர்களுக்குத் துணை மார்ஷல்களாகக் கூட்டாட்சி அதிகாரம் அளிக்கப்பட்டது; அதை ரத்து செய்யுமாறு நகர மேயர் கேட்டுக்கொண்டபோது கூட்டாட்சி அரசு வழக்கறிஞர் மறுத்துவிட்டார். அதிகாரம் கொடுத்தவரின் விருப்பப்படியே அது நீடித்தது. கொடுப்பது மாநிலமாக இருக்கும்போதும் அந்தப் பிடி மாநிலத்திடமே இருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும் விட என்னைக் கவலைப்படுத்துவது பொறுப்புக்கூறல். மாநிலச் சட்டத்தின் பெயரால் செயல்படும் காவலர் ஒருவர் அரசமைப்பு உரிமையை மீறினால், 1871ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டத்தின் கீழ் பாதிக்கப்பட்டவர் அவர்மேல் வழக்குத் தொடரலாம். கூட்டாட்சி முகவருக்கு எதிராக அப்படியொரு பொதுச் சட்டம் இல்லை. கூட்டாட்சி முகவர்மேல் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடர 1971இல் உச்ச நீதிமன்றத்தின் பிவென்ஸ் தீர்ப்பு திறந்த வழியையும் 2022இல் அதே நீதிமன்றத்தின் எக்பர்ட் தீர்ப்பு ஏறத்தாழ அடைத்துவிட்டது. குற்ற வழக்கிலும் நிலைமை எளிதன்று. 1889இல் கலிஃபோர்னியாவின் லாத்ரப் ரயில் நிலையத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்டீபன் ஃபீல்டைக் காக்கத் துப்பாக்கியால் சுட்டு ஒருவரைக் கொன்ற துணை மார்ஷல் டேவிட் நீகிளை, மாநிலம் கொலைக்காக விசாரிக்க முடியாது என்று மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த முடிவு அந்தச் சூழலுக்குச் சரியானது என்றே நான் கருதுகிறேன், ஏனெனில் நீகிள் கூட்டாட்சிக் கடமையைச் செய்துகொண்டிருந்தார். ஆனால் மாநிலம் வழங்கிய அதிகாரத்தைக் கொண்டு, மாநிலக் குற்றத்துக்காக ஒருவரைத் தரையில் வீழ்த்திக் கைவிலங்கிடும் முகவர், விசாரணை என்று வரும்போது கூட்டாட்சிக் கடமையைக் கேடயமாகப் பிடிக்கலாமா?

இந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்கு விட்டுவைக்காமல், அதிகாரம் வழங்கும் மசோதாவிலேயே மாநிலம் தன்னால் இயன்றவரை பதிலளிக்க வேண்டும். கைதானவரைத் தாமதமின்றி உள்ளூர்க் காவலரிடம் ஒப்படைப்பதும், கைது குறித்து எழுத்து வடிவில் அறிக்கை தருவதும், அந்த நேரத்தில் மாநிலச் சட்டத்தின் பெயரால் செயல்பட்டதாகவே கருதப்பட அந்த முகவரின் துறை முன்கூட்டியே எழுத்து மூலம் உடன்படுவதும் அனுமதிக்கான நிபந்தனைகளாக வேண்டும். உடன்பட மறுக்கும் துறையின் முகவர்களுக்கு உடனடி ஆபத்துக்கு அப்பால் எந்த அதிகாரத்தையும் வழங்கும் மசோதாவை நான் எதிர்ப்பேன்.